பாடு இல்லாத நாள்

கிருபைராஜ் சாருக்குக் கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் பாளையங்கோட்டையில் பலருக்கும் தயக்கம். கொடுத்தால் தவறாமல் வருவார், மொய் எழுதுவார், பந்தியில் இரண்டு தடவை ரசம் கேட்பார். அதிலெல்லாம் குறை சொல்ல முடியாது. ஆனால் அடுத்த வாரமே அந்தப் பத்திரிகை சிவப்பு மையில் வட்டம் வட்டமாகப் போட்டு வீடு தேடித் திரும்பி வரும். 'திருவளர்ச்செல்வி' என்று அடித்திருந்தால் அந்த 'ச்' மேல் ஒரு பெருக்கல் குறி இருக்கும். கீழே மதிப்பெண் இருக்கும். சொந்தத் தங்கை மகள் பத்திரிகைக்கே பத்துக்கு நான்குதான் போட்டார். அதில் ஒன்று தாளின் தரத்துக்கு.

முப்பத்தாறு வருடம் தமிழாசிரியர், அதில் கடைசி ஏழு வருடம் தலைமையாசிரியர். பள்ளிக்கூடம் அவருக்கு ஓய்வு கொடுத்தது, அவர் பேனாவுக்கு ஓய்வு கொடுக்கவில்லை. எழுதுகிறவன் எவனைக் கண்டாலும் அவருக்கு இளக்காரம். கவிதை எழுதினவன் யாப்புத் தெரியாதவன், கதை எழுதினவன் வேலையில்லாதவன், சபைப் பத்திரிகையில் கட்டுரை எழுதுகிற குருவானவர் ஒற்றெழுத்தை முழுங்குகிறவர். சரி, இத்தனை தெரிந்த மனுஷன் சொந்தமாக என்ன எழுதினார் என்று கேட்டால், ஒன்றுமில்லை. நாலு வரித் துண்டுப் பிரசுரம்கூடக் கிடையாது. எழுதினால் யாராவது திருத்திவிடுவார்களே.

இருந்தாலும் ஆசை யாரை விட்டது. அறுபத்திரண்டு வயதில் அவருக்கு ஒரே ஒரு ஆசைதான் மிச்சம் இருந்தது. ஒரு புத்தகத்தின் அட்டையில் தன் பேர் வரவேண்டும். அதுவும் எழுதாமல் வரவேண்டும்.

அந்த வழியைக் கொண்டுவந்தவர் மாடக்கண்ணு அண்ணாச்சி. திருநெல்வேலி ஜங்ஷனில் நோட்டும் கைடும் விற்று முன்னுக்கு வந்து, பிறகு பதிப்பகமும் வைத்தவர். அவரிடம் சிறுவர்களுக்கான பழைய புத்தகங்கள் பதினொன்று கிடந்தன. எல்லாம் அந்தக் காலத்துக் கடலோடிகளைப் பற்றியவை. இன்னும் ஒன்று சேர்த்துப் பன்னிரண்டாக்கி, ஒரே பெட்டியில் போட்டுப் பள்ளிக்கூட நூலகங்களுக்கு விற்பது அண்ணாச்சியின் திட்டம்.

"சார்வாள், பதினொண்ணையும் பிழை பார்த்துக் குடுங்க. பன்னெண்டாவதையும் பார்த்து ஒழுங்கு பண்ணிக் குடுங்க. எல்லா அட்டையிலயும் 'பொதுப் பதிப்பாசிரியர்: புலவர் கிருபைராஜ்'னு போட்டுருதேன்."

அன்றைக்கு வீட்டுக்கு வந்த கிருபைராஜ், காபி ஆறுவதுகூடத் தெரியாமல் தன் பேரைப் பன்னிரண்டு அட்டையில் எந்த இடத்தில் வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார். மேலே வைத்தால் கப்பலின் பாய் மறைக்கும், கீழே வைத்தால் தண்ணீரில் மூழ்கினாற்போல் இருக்கும். நடுவில் வைப்பதுதான் சரி என்று முடிவு செய்தார்.

அந்தப் பதினொரு புத்தகங்களும் ஓய்வுபெற்ற வாத்தியார்கள் சிலர் முப்பது வருடத்துக்கு முன்னால் ஆளுக்கொன்றாக எழுதியவை. கொலம்பஸ், வாஸ்கோ ட காமா, மெகல்லன் என்று ஆள் மாறுமே தவிரக் கதை மாறாது. சின்ன வயதில் துறைமுகத்தில் நின்று தூரத்தைப் பார்ப்பான். ராஜா விரட்டுவார், ராணி இரங்குவாள். நடுக்கடலில் புயல் வரும், புயல் ஓய்ந்ததும் மாலுமிகள் கலகம் செய்வார்கள், கலகம் முற்றும் நேரத்தில் சொல்லிவைத்தாற்போல் ஒரு பறவை பறக்கும். கரையில் அந்த நாட்டு ஜனங்கள் வேலைவெட்டி எதுவும் இல்லாமல், நம்மை யாராவது வந்து கண்டுபிடிக்கமாட்டார்களா என்று காத்து நிற்பார்கள். அட்டைப்படத்தில் எல்லாருக்கும் ஒரே முகம். தாடி கறுப்பாக இருந்தால் கொலம்பஸ், செம்பட்டையாக இருந்தால் காமா, தாடியே இல்லாவிட்டால் கேப்டன் குக்.

கிருபைராஜ் இரண்டு மாதம் உட்கார்ந்து இவற்றைத் திருத்தினார். வாய் சும்மா இருக்கவில்லை. "இந்த ஆளு கொலம்பஸைத் தேங்காய் உடைச்சு அனுப்புதாரு பாரு, கெசியா" என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். மெகல்லனின் மாலுமிகள் பசி தாங்காமல் தோலை ஊறவைத்துத் தின்ற இடத்தில் 'தொட்டுக்கொள்ள எதுவும் இல்லாமல்' என்று எழுதியிருந்த இன்னொரு வாத்தியாரைச் செத்த பிறகும் விடவில்லை. ஆனால் கரையில் காத்து நின்ற ஜனங்களை மட்டும் அவர் ஒன்றும் செய்யவில்லை. அவர்கள் ஒற்றுப்பிழை இல்லாமல் நின்றால் அவருக்குப் போதும்.

அவருக்குக் கடல் எவ்வளவு தெரியும் என்றால், சபைச் சுற்றுலாவில் திருச்செந்தூர்க் கடலில் முழங்கால் நனைய நின்றது இரண்டு தடவை. கன்னியாகுமரியில் பாறைக்குப் போகிற படகில் ஏறி வாந்தி எடுத்தது ஒரு தடவை. கடலைத் திருத்த இது போதும் என்று அவர் நினைத்தார்.

பன்னிரண்டாவது புத்தகம் தபாலில் வந்தது. குலசேகரன்பட்டினத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கடற்கரை ஊரிலிருந்து ஸ்டெபி என்ற நடுநிலைப்பள்ளி டீச்சர் எழுதியிருந்தாள். வெள்ளைக்காரக் கப்பல் ஒன்று வழிதவறி நம் கடலுக்கு வருகிறது. அதைப் பாறைகளுக்கு நடுவே பத்திரமாகக் கரை சேர்க்கிறவன் சந்தியாகு என்ற மீனவன். கேப்டனின் குறிப்பேட்டில் கேப்டன் பேர் இருக்கிறது, கப்பல் பேர் இருக்கிறது, கப்பலில் வந்த நாயின் பேர்கூட இருக்கிறது. சந்தியாகு மட்டும் 'உள்ளூர் ஆள் ஒருவன்' என்று இருக்கிறான். டீச்சர் கற்பனையாகக் கட்டின கதைதான். ஆனால் அண்ணாச்சியின் பேத்தி இதைச் சாப்பிடக்கூட வராமல் படித்து முடித்தாளாம். பேத்தி சாப்பிடாமல் படித்ததால் இதுதான் பன்னிரண்டாவது என்று அண்ணாச்சி முடிவு கட்டிவிட்டார்.

கிருபைராஜுக்கு முதல் பக்கத்திலேயே பற்றிக்கொண்டு வந்தது. "கப்பலுக்குத் தலைவன் ஒருத்தன் இருக்கையில வழி காட்டினவனுக்கு என்ன கதை? பஸ்ஸுல போனவனை விட்டுட்டு, பஸ் நிக்கிற இடத்தைச் சொன்னவனைப் பத்தி எழுதுவாங்களா?"

சிவப்பு மை ஓட ஆரம்பித்தது. 'சந்தியாகு நீவாடு பார்த்துத்தான் கப்பலைத் திருப்புவான்' என்று ஒரு வரி. நீவாடு என்று ஒரு சொல்லை அவர் கேள்விப்பட்டதில்லை. தான் கேள்விப்படாத சொல் தமிழில் இருக்க வழியில்லை என்பது அவர் கட்சி. எழுத்துப்பிழை என்று தீர்மானித்து, 'சந்தியாகு நீராடிய பின்னரே கப்பலைத் திருப்புவான்' என்று ஆக்கினார். சுத்தபத்தமான மாலுமியைப் பார்த்துப் பிள்ளைகளுக்கும் நல்ல பழக்கம் வரும்.

அடுத்த பக்கத்தில்தான் அவர் நிமிர்ந்தே உட்கார்ந்தார். 'பாடு இல்லாத நாளில் சந்தியாகுவின் வீட்டில் யாரும் சிரிக்கமாட்டார்கள். நல்ல பாடு கண்ட நாளில் தெருவே சிரிக்கும்' என்று எழுதியிருந்தது.

பாடு என்ற சொல்லை அவரிடம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருபது வருடமாக ஒவ்வொரு லெந்து நோன்புக் காலத்திலும் சபையில் ஒரு நாள் அவர்தான் ஆண்டவருடைய பாடுகளைப் பற்றிப் பேசுவார். பாடு என்றால் துன்பம், வேதனை. துன்பம் இல்லாத நாளில் எவனாவது சிரிக்காமல் இருப்பானா? துன்பம் வந்தால் தெருவே சிரிக்குமா? இரண்டு வரியும் தலைகீழாக இருந்தன. அவர் நேராக்கினார். 'துன்பம் இல்லாத நாளில் சந்தியாகுவின் வீட்டில் அனைவரும் சிரிப்பர். கொடுந்துன்பம் கண்ட நாளில் தெருவே அழும்.' ஓரத்தில் ஒரு குறிப்பும் எழுதினார்: 'பாடு என்றால் என்ன என்றே எழுதியவருக்குத் தெரியவில்லை. பாவம்.' கடைசியில் பத்துக்கு இரண்டு போட்டார். கையெழுத்துக்காக.

இதையும் கெசியாவிடம் வாசித்துக் காட்டினார். கெசியா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், கையை நிறுத்தினாள்.

"ஏங்க, அது அந்தப் பாடு இல்லைங்க. நம்ம இசக்கித்தாய் சொல்லுவால்லா..."

இசக்கித்தாய் வாரம் மூன்று நாள் மொபெட்டில் மீன்பெட்டியைக் கட்டிக்கொண்டு அந்தத் தெருவுக்கு வருகிறவள்.

"மீன்காரிகிட்ட தமிழ் படிக்கிற அளவுக்கு என் வீட்டுக்கு இன்னும் தரித்திரம் வரல" என்றார் கிருபைராஜ்.

கெசியா கீரையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். முப்பத்தைந்து வருடம் அவருடைய திருத்தத்தில் வாழ்ந்தவள். இனி அவரை யார் திருத்தினால் நமக்கென்ன என்று விட்டுவிட்டாள்.

பெட்டியை விற்க அண்ணாச்சி ஒரு கூட்டம் ஏற்பாடு செய்தார். சனிக்கிழமை காலை, பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். மாவட்டத்திலும் பக்கத்து மாவட்டத்திலும் இருந்து எண்பது ஆசிரியர்கள் வந்திருந்தார்கள். 'சிறுவர் நூல் எழுதுவது எப்படி' என்று கிருபைராஜ் பேசுவார், கூட்டம் முடியும்போது அண்ணாச்சி பெட்டியைப் பற்றிச் சொல்லிப் பதிப்பாசிரியர் பேரை மேடையிலேயே அறிவிப்பார். பேனரில் பேர் ஏற்கெனவே வந்துவிட்டது. கிருபைராஜ் மண்டபத்துக்குள் நுழையும்போது அதை ஒருமுறை வாசித்தார், பிழை இல்லை என்று கண்டு மேடை ஏறினார்.

எப்படி எழுதுவது என்று சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லை. எப்படி எழுதக்கூடாது என்று சொல்ல நிறைய இருந்தது. அதற்காக ஸ்டெபியின் ஒரு பக்கத்தைச் சிவப்புத் திருத்தங்களோடு எண்பது கலர் ஜெராக்ஸ் எடுத்துவந்திருந்தார். பேர் இருந்த இடத்தை மட்டும் வெள்ளைத்தாள் ஒட்டி மறைத்திருந்தார். ஒரு பெண்பிள்ளையைச் சபையில் அவமானப்படுத்தக்கூடாது என்ற பெருந்தன்மை. அந்தப் பெருந்தன்மையையும் மறக்காமல் மைக்கில் சொன்னார்.

"முதல்ல நீவாடு. இது என்ன பாஷைன்னு தெரிஞ்சவங்க சொல்லலாம்."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கிருபைராஜுக்கு உற்சாகம் வந்தது. தன் திருத்தத்தை வாசித்தார். "சந்தியாகு நீராடிய பின்னரே கப்பலைத் திருப்புவான்." இப்போது பின்வரிசை மூன்றும் சிரித்தன. உடன்குடி, குலசேகரன்பட்டினம், மணப்பாடு பக்கமிருந்து வந்திருந்த டீச்சர்கள் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். எழுதினவளைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று அவருக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஆசிரியர் வேலையில் முப்பத்தாறு வருடத்தில் அவருடைய நகைச்சுவைக்கு இப்படி ஒரு சிரிப்பு கிடைத்ததில்லை.

ஆகவே பாடு என்ற சொல்லுக்கு வந்தபோது அவர் அடக்கிக்கொள்ளவே இல்லை. தலைகீழ் வரிகளை வாசித்தார், தன் வரிகளை வாசித்தார், ஓரத்துக் குறிப்பையும் இரண்டு தடவை வாசித்தார். "பாவம்" என்பதைக் கொஞ்சம் நீட்டினார். மண்டபத்தின் பின்பாதி குலுங்கியது. ஒரு டீச்சர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அப்போது ஐந்தாவது வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். ஒல்லியான உடம்பு, நாற்பது வயது இருக்கும். கையில் ஜெராக்ஸ் தாள்.

"சார், ஒரு சந்தேகம். பாடுன்னா என்ன?"

கேட்கமாட்டார்களா என்று காத்திருந்த கேள்வி. கிருபைராஜ் மைக்கைப் பக்கத்தில் இழுத்து, வேதாகமத்திலிருந்தும் அகராதியிலிருந்தும் பத்து நிமிடம் பொழிந்தார். அந்தப் பெண் உட்காரவில்லை, குறுக்கே பேசவும் இல்லை. முடிந்ததும் சொன்னாள்.

"சரிங்க சார். எங்க ஊர்ல பாடுன்னா மீன்பாடு. கடலுக்குப் போன ஆளுக்குக் கிடைக்குத மீனு. பாடு இல்லேன்னா அன்னைக்கு வீட்டுல சோறு இல்ல. அதனாலதான் சந்தியாகு வீட்டுல யாரும் சிரிக்கல. நீவாடுன்னா கடலுக்குள்ள ஓடுத நீரோட்டம். அதைப் பார்க்காம கப்பலைத் திருப்பினா பாறையில போயி மோதும். குளிச்சிட்டுத் திருப்பினாலும் மோதும்."

இந்தத் தடவை முன்வரிசையும் சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் கிருபைராஜுக்கு இதுவரை கேட்ட சிரிப்பெல்லாம் யாரைப் பார்த்துச் சிரித்தது என்று விளங்கியது. அப்போதாவது 'தெரியாமல் செய்துவிட்டேன் அம்மா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், எண்பது பேரும் வாத்தியார்கள்தானே, கை தட்டியிருப்பார்கள். அவருக்கு அந்த வார்த்தை வராது. எவனும் அவரிடமிருந்து அதைக் கேட்டதில்லை.

"அது கொச்சை" என்றார். "நூல் வழக்குக்கு வராது. நான் நூலைத் திருத்துதேன், மீன் சந்தையை இல்ல."

முன்வரிசையில் மாடக்கண்ணு அண்ணாச்சி தொண்டையைக் கனைத்தார்.

"சார்வாள், மீன்பாடுன்னு தெனம் பேப்பர்லயே போடுதானே. நான் அஞ்சாங்கிளாஸ் படிச்சவன், எனக்கே தெரியுது. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். அதுதான் கொடுமை. 'மீன்பாடு குறைவு, மீனவர்கள் கவலை' என்று அவரே எத்தனை தடவை படித்திருக்கிறார். 'மீனவர்கள்' என்பதில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருக்கிறார். அந்தச் செய்தியைப் படித்தாரே தவிர, அவர்களுக்கு என்ன கவலை என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

கூட்டம் டீயோடு முடிந்தது. பேர் அறிவிக்கப்படவில்லை. பேனருக்குக் கீழே வைத்துத்தான் அந்தப் பெண் அண்ணாச்சியிடம் பேசினாள். அவள்தான் ஸ்டெபி என்று கிருபைராஜுக்கு ஒட்டின வெள்ளைத்தாளைக் கிழித்துப் பார்க்காமலே தெரிந்துவிட்டது.

"அண்ணாச்சி, புத்தகம் வரட்டும். ஆனா என் புத்தகத்துல இந்த சார் பேரு வேண்டாம்."

"ஏம்மா, கோவப்படாதே. தப்பைத் திருத்திருவோம்."

"கோவம் இல்ல. கதையே பேரு விட்டுப்போன ஒரு ஆளைப் பத்தினது. அது மேல வேற ஒருத்தர் பேரைப் போட்டா, நான் எழுதினதுக்கு என்ன அர்த்தம்?"

அவள் கிருபைராஜ் பக்கம் திரும்பினாள். திட்டுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். திட்டினால் பதில் சொல்ல அவரிடம் இலக்கணம் இருந்தது. அவள் ஜெராக்ஸ் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இதை எங்க அப்பாகிட்ட காட்டணும் சார். மூணு நாளா பாடு இல்லாம உக்காந்திருக்காரு. கொஞ்சம் சிரிப்பாரு."

அவ்வளவுதான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

அடுத்த வாரம் அண்ணாச்சி போன் செய்தார். வியாபாரி, சுற்றிவளைக்கவில்லை.

"சார்வாள், அந்தப் பிள்ளை புத்தகம் இல்லாம கடக்கரைப் பள்ளிக்கூடத்துல ஒரு பெட்டிகூடப் போகாது. அதுல உங்க பேரு வேண்டாங்கா. பதினொண்ணுல பேரு இருந்து ஒண்ணுல இல்லேன்னா வாங்குதவன் ஏன்னு கேப்பான். பன்னெண்டும் ஒண்ணுபோல இருக்கணும், என்ன சொல்லுதியோ?"

"அப்போ அதுலயும் போடச் சொல்லுங்க" என்றார் கிருபைராஜ். குரல் அவருக்கே கேட்காத அளவுக்குச் சின்னதாக வந்தது.

"இல்ல சார்வாள். எதுலயும் போடல."

சித்திரையில் பெட்டி வந்தது. அண்ணாச்சி ஒன்றை இலவசமாக அனுப்பியிருந்தார். பன்னிரண்டு அட்டையிலும் கிருபைராஜ் தேடினார். கறுப்புத் தாடி, செம்பட்டைத் தாடி, தாடியில்லாத குக். உள்ளே, பின்னே, முதுகில், எங்கேயும் அவர் பேர் இல்லை. பதினொரு புத்தகத்தில் ஒரு ஒற்றுப்பிழை கிடையாது. அதைச் செய்தது யார் என்று சொல்ல ஒரு வரியும் கிடையாது. பன்னிரண்டாவதன் அட்டையில் ஸ்டெபி பேருக்குக் கீழே, துடுப்போடு ஒரு கறுத்த மனிதன் கடலைப் பார்க்காமல், புத்தகம் படிக்கிற பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசிப் பக்கத்தில் அருஞ்சொற்பொருள் இருந்தது. முதல் சொல், பாடு.

சிவப்புப் பேனாவை எடுத்து அந்தப் பக்கத்தில் ஏதாவது பிழை இருக்கிறதா என்று பார்த்தார். இரண்டு தடவை பார்த்தார். இல்லை.

வாசலில் மொபெட் சத்தம் கேட்டது. கெசியா பாத்திரத்தோடு போனாள். போன வேகத்தில் வெறும் பாத்திரத்தோடு திரும்பி வந்தாள்.

"மீன் எங்க?" என்றார் கிருபைராஜ், தலையைத் தூக்காமல்.

"இல்லையாம். தடைக்காலம்லா, விசைப்படகு எதுவும் போகல. இசக்கித்தாய் வெறும் பெட்டியைக் காட்டிட்டுப் போறா." கெசியா நின்று, அவர் கையில் விரிந்திருந்த பக்கத்தைப் பார்த்தாள். "பாடு இல்லையாங்க."

சொல்லிவிட்டு அவளால் தாங்க முடியவில்லை. உதட்டைக் கடித்தாள், முந்தானையை வாயில் வைத்தாள், பாத்திரத்தைப் போட்டுவிட்டு அடுக்களைக்குள் ஓடினாள். அங்கேயிருந்து வந்த சிரிப்பு முப்பத்தைந்து வருடம் அடக்கி வைத்த சிரிப்பு, சீக்கிரம் நிற்கிற மாதிரி இல்லை.

கிருபைராஜ் புத்தகத்தை மூடினார். அவர் திருத்தி எழுதின வரி யார் வீட்டுக்குப் பொருந்தாவிட்டாலும் அவர் வீட்டுக்குப் பொருந்திவிட்டது. பாடு இல்லாத நாளில் வீடு சிரித்துக்கொண்டிருந்தது.